எதற்கு ரெடி? பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கணினிக் கருவியோடு மூன்று மாதம்

பார்ப்பதற்கு ஆரஞ்சுச் சுளையைப் போல இருந்தது. பாதி வட்டம், நடுவே ஒரு வெள்ளைக் கோடு. திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்கு இந்தப் பக்கம் மேல் நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி இருக்குமல்லவா, அதைத் தட்டினால் விரியும் பெட்டிக்குள் மற்ற ஐகான்களோடு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவரின் பென் டிரைவைக் கழற்றுவதற்காகத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கு அவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால், அது இன்னும் எத்தனை நாள் அங்கே குடியிருந்திருக்குமோ தெரியாது.

மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐகான் என்றால் பெயர் சொல்ல வேண்டும். இது ஒரே ஒரு சொல்லைச் சொன்னது: ‘ரெடி’.

எதற்கு ரெடி?

ஒத்தக்கடையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இங்கே திறக்கப்பட்டபோது, டவுனில் இருந்த கடையைக் காலி செய்துகொண்டு யானைமலைப் பக்கம் வந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்று கணினி, இரண்டு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், உதவிக்கு ஒரு பெண். ரிட் மனு, முன்ஜாமீன் மனு, பிரமாணப் பத்திரம், தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, இவைதான் எங்கள் பிழைப்பு. நான் கணினி படித்தவள் இல்லை, தட்டச்சு படித்தவள். லோயர், ஹையர் இரண்டும் தேறி, ‘யளனக’ என்று விரல் பழகியவள். ஆனால் எங்கள் கணினிக்குள் இருப்பவை முழுக்க முழுக்க அடுத்த வீட்டுச் சங்கதிகள். எந்த அண்ணன் எந்தத் தம்பியின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டான், எந்த மருமகள் யார் மேல் என்ன புகார் கொடுத்தாள், யாருடைய ஆதார் நகல், யாருடைய பட்டா என்று ஒரு ஊரையே உட்கார வைத்திருக்கிறோம். அங்கே ஒன்று பெயர் சொல்லாமல் வந்து ‘ரெடி’ என்றால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்.

கணினிக்கு ஏதாவது என்றால் வழக்கமாக வரும் தம்பிக்குப் போன் செய்தேன். ஐகான் எந்த நிறம் என்றுகூட அவர் கேட்கவில்லை. “வைரஸ்தான் அக்கா. ஃபார்மட் செய்துவிடலாம், எழுநூறு ரூபாய்” என்றார். அவருக்குத் தலைவலி, கால்வலி, சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. போன முறை அவர் ஃபார்மட் செய்தபோது தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போய், பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பு போய், பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த மனு மாதிரிகளில் பாதி போய், அவற்றைத் திரும்பச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பெயர் தெரியாத ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக வீட்டையே இடிப்பதா? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

புதிதாக வரும் ஐகான் எல்லாம் திருட்டு ஐகான் என்று நினைப்பவள் இல்லை நான். திரையின் அடியில் நீளும் அந்தப் பட்டை, டாஸ்க்பார், 1995-இல் விண்டோஸ் 95-உடன் வந்தது. அன்றிலிருந்தே அந்த வலது மூலைக்கு யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். 2020 கடைசியில் ஒரு நாள் திடீரென்று சின்ன கேமரா படம் ஒன்று முளைத்தது. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த சமயம். யாரோ நம்மைப் படம் பிடிக்கிறார்கள் என்று என் உதவிப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தால், மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10-க்குள் அனுப்பிய ‘மீட் நவ்’ என்ற ஸ்கைப் வசதி. வலது கிளிக் செய்து ‘ஹைட்’ என்று சொன்னதும் போய்விட்டது. அந்த ஸ்கைப்பே 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. கேமரா முளைத்ததற்கு அடுத்த வருடம், 2021-இல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சூரியனும் 37 டிகிரி என்ற எழுத்தும் வந்தன. மதுரையில் வெயில் அடிக்கிறது என்று சொல்ல ஒரு மென்பொருள்! அதுவும் அவர்கள் அனுப்பியதுதான்.

நாமே கூப்பிட்டு உட்கார வைத்தவையும் உண்டு. என்.எச்.எம். ரைட்டரின் மணி ஐகான் இல்லாத கணினியில் எனக்கு வேலை ஓடாது. அந்த மணியைப் பார்த்தால்தான் தமிழ் எழுதலாம் என்று விரலுக்குத் தெம்பு வரும். மரியாதை தெரிந்த ஐகான்களும் இருக்கின்றன. ஒரு வக்கீல் சார் தட்டச்சுக்குப் பதில் குரலில் சொல்லி எழுத வைப்பார். அவர் பேசத் தொடங்கியதும் மூலையில் ஒரு மைக் படம் வரும். மவுஸை வைத்தால் எந்த மென்பொருள் மைக்கைப் பயன்படுத்துகிறது என்று பெயரைச் சொல்லும். பேச்சை நிறுத்தினால் அதுவும் போய்விடும். விருந்தாளி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஆரஞ்சுச் சுளை அந்த ரகம் இல்லை. முதலில் அமைப்புகளுக்குள் போய், பர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார், அதில் எந்தெந்த ஐகான்களைக் காட்ட வேண்டும் என்று கேட்கும் பட்டியலைத் திறந்தேன். இந்த இடம் பலருக்குத் தெரியாது. மூலையில் இருக்கும் ஒவ்வொரு ஐகானும் அங்கே படத்தோடும் பெயரோடும் வரிசையாக நிற்கும். சுளையும் இருந்தது. பக்கத்தில் இருந்த பெயர்: ‘கிளையண்ட் ஹோஸ்ட்’. மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் ‘குடியிருப்பவர்’ என்று பதில் சொன்னது போல. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினியோடு சேர்ந்து தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்த்தேன். அங்கே அப்படி ஒன்றே இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாரம் ஒரு டைப்செட்டுக்காக, அதாவது வழக்கு ஆவணங்களைத் தட்டச்சு செய்து கட்டிய தொகுப்புக்காக, வந்த இளம் வக்கீல் ஒருவர் பொறியியல் முடித்துவிட்டுச் சட்டம் படித்தவர். அவர்தான் பில்லின் பின்பக்கத்தில் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்று எழுதிக் கொடுத்தார். “டாஸ்க் மேனேஜர் வாசல் வரைக்கும்தான் அக்கா போகும். இது அடுப்படி வரைக்கும் போகும்” என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை. மதியம் ஃபைலிங் இருந்தது.

இனிப் பொருளைப் பற்றி. கணினிக்குள் இந்த நேரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கருவி இது. இலவசம். மைக்ரோசாஃப்டின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. சில எம்பிதான், நிறுவத் தேவையில்லை, அமுக்கிய கோப்பைப் பிரித்து அப்படியே ஓட்டலாம், பென் டிரைவில் வைத்துக்கொண்டும் போகலாம். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவிப் பெட்டியில் இதுவும் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பெட்டியை மொத்தமாக வாங்கிக்கொண்டது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. பாட்டு சிடிக்குள் ஒளித்து வைத்திருந்த ரூட்கிட் ஒன்று, அதாவது கணினிக்குள் தன்னை மறைத்துக்கொண்டு ஓடும் மென்பொருள், சிடி போட்டவர்களின் கணினிக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்ததை வெளியே கொண்டுவந்தவரும் இந்த ருசினோவிச்தான். பாட்டுக் கேட்கப் போட்ட சிடி கூடவே வேறொன்றையும் உள்ளே விட்டது என்ற அந்தக் கதையைப் படித்த பிறகுதான், இந்த ஆளின் கருவியை நம்பலாம் என்று தோன்றியது.

திறந்த கணத்தில் எனக்குப் புதுமண்டபத்து வளையல் கடை ஞாபகம் வந்தது. வரிவரியாகப் பெயர்கள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் எண்கள். கடைக்கு அவசரமாக யாரும் வராத மதியமாகப் பார்த்துத் திறந்ததால் தப்பித்தேன். நிறத்துக்குப் பொருள் உண்டு என்பது சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. வெளிர் நீலம் நம் கணக்கில் ஓடுபவை. இளஞ்சிவப்பு, யாரும் கூப்பிடாமலே பின்னணியில் ஓடும் சேவைகள். புதிதாகத் தொடங்குவது ஒரு நொடி பச்சையாக ஒளிரும், முடிவது ஒரு நொடி சிவப்பாக ஒளிர்ந்து மறையும். இன்னும் முக்கியமானது, வரிகள் குடும்ப மரம் போல அடுக்கப்பட்டிருப்பது. எது எதைப் பெற்றது என்று தெரியும். வம்சாவளிச் சான்று தட்டச்சு செய்து செய்து பழகிய எனக்கு இந்த ஒன்று மட்டும் உடனே பிடிபட்டது.

இதில் குறிவட்டம் போன்ற ஒரு பொத்தான் உண்டு. அதைப் பிடித்து இழுத்து, சந்தேகப்படும் ஜன்னலின் மேல் விட்டால், அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரர் யார் என்று பட்டியலில் காட்டிக் கொடுக்கும். எனக்கு வேண்டியது இதுதானே என்று துள்ளிக்கொண்டு, குறிவட்டத்தை இழுத்துப் போய் ஆரஞ்சுச் சுளையின் நெற்றியிலேயே விட்டேன். அது காட்டிய பெயர் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். புது மென்பொருளில் எதையும் நிறுத்திப் பார்க்கப் பயமாக இருந்ததால், பழகிய டாஸ்க் மேனேஜருக்கே திரும்பி, விவரப் பட்டியலில் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸியைத் தேடிப் பிடித்து முடித்து வைத்தேன்.

டாஸ்க்பார் முழுவதும் மறைந்தது. சுளையோடு மணி, கடிகாரம், ஸ்டார்ட் பொத்தான், டெஸ்க்டாப்பில் அடுக்கி வைத்திருந்த கோப்புகள் எல்லாம் போயின. வெறும் நீலத் திரையில் பாதி அடித்த பிரமாணப் பத்திரம் மட்டும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. என் உதவிப் பெண் “அக்கா, ஃபார்மட் ஆகிவிட்டதா?” என்று கேட்டாள். அவளுக்கும் அந்த ஒரு சொல்தான் தெரியும்.

நடந்தது இதுதான். டாஸ்க்பாரையும் அந்த மூலையையும் வரைந்து வைத்திருப்பதே விண்டோஸின் சொந்த எக்ஸ்ப்ளோரர்தான். பெயர் ஒன்று போல இருந்தாலும் அது வேறு, பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் வேறு. மற்ற மென்பொருள்கள் தங்கள் படத்தை அதனிடம் கொடுத்து, இங்கே மாட்டி வை என்று கேட்டுக்கொள்கின்றன. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால், பலகை பஞ்சாயத்து ஆபீசுடையது என்று குறிவட்டம் சொல்லியிருக்கிறது. சொன்னது பொய் இல்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை. நான் போய்ப் பலகையையே பிடுங்கிவிட்டேன். திரும்ப டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஃபைல் மெனுவில் புதுப் பணியை ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டியதும் எல்லாம் திரும்பி வந்தன. சுளையும் வந்தது. இந்தச் சங்கதியைக் கருவியின் முகப்பிலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். முதல் குறை இது.

சரியான வழி இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. சுளையை இரண்டு முறை தட்டினேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. அதில் ஒன்பது இலக்க எண் ஒன்றும், மறுபடியும் அந்த ‘ரெடி’யும். இப்போது குறிவட்டத்தை அந்த ஜன்னலின் மேல் விட்டேன். பட்டியல் தானாக நகர்ந்து ஒரு வரியில் போய் நின்றது. அந்த வரிக்குத் தாய் யார் என்று மேலே பார்த்தால், ஓர் இளஞ்சிவப்பு வரி. அதாவது இது சேவையாகப் பதிவு செய்துகொண்டு ஓடுகிறது. தொடக்கப் பட்டியலில் பெயர் இல்லாமல் தினமும் எனக்கு முன்னால் எழுந்த மர்மம் அங்கே உடைந்தது.

வரியை இரண்டு முறை தட்டினால் அதன் ஜாதகமே விரிகிறது. எந்தக் கோப்புறையில் இருந்து ஓடுகிறது, எந்தக் கட்டளையோடு ஓடுகிறது, தானே எழுந்திருக்க எந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறது, தாய் எது, எத்தனை மணிக்குத் தொடங்கியது என எல்லாம் இருந்தன. கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கினால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இதைத் தயாரித்த நிறுவனம் எது, அந்த டிஜிட்டல் கையொப்பம் செல்லுமா என்று வந்து நிற்கும். சுளைக்கு ‘வெரிஃபைடு’ என்றே வந்தது. அதாவது ஊர் பேர் உள்ள, ஒழுங்கான நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. தொலைவில் இருந்து இன்னொருவர் கணினியை இயக்க உதவும் மென்பொருள். எத்தனையோ ஆபீசில் நல்ல வேலைக்கே பயன்படுகிறது.

வைரஸ்டோட்டல் என்ற இணைய சேவையிலும் இதற்குள் இருந்தபடியே கேட்டுப் பார்க்கலாம். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய சேவை அது. கோப்பை அனுப்பாமல் அதன் கைரேகையை மட்டும் அனுப்பினால், எழுபதுக்கு மேற்பட்ட வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று இரண்டு எண்களில் பதில் வரும். சுளைக்கு வந்த முதல் எண் பூஜ்யம். ஒரு மென்பொருளும் குற்றம் சொல்லவில்லை.

நியாயமாக அங்கே எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கோபம்தான் வந்தது. வைரஸ் என்றால் தானாக வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கையொப்பம் போட்ட, குற்றமில்லாத மென்பொருள் தானாக வராது. யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்லும் கட்டம் எதுவும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இல்லை. இணையத் தொடர்புகளைக் காட்டும் பக்கத்தில் மட்டும் ஒரு வரி, ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்று. தொடர்பில் இருக்கிறது. இந்த வகை மென்பொருள்கள் சும்மா இருக்கும்போதும் தங்கள் தலைமைக் கணினியோடு தொடர்பு வைத்திருக்கும், அதற்காக யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள் இல்லை என்று அந்த இளம் வக்கீல் பிற்பாடு விளக்கினார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எழுந்து போய் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நிறுத்திப் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு முடித்து வைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு வரிகளும் சிவப்பாக ஒளிர்ந்து மறைந்தன. ஆனால் மூலையில் சுளை அப்படியே இருந்தது. வரி இல்லை, ஐகான் இருக்கிறது. வெறுத்துப் போய் மவுஸை அதன் மேல் கொண்டுபோனேன். தொட்டதும் காணாமல் போனது. பல வருடமாக இப்படி ஐகான்கள் மவுஸ் பட்டதும் மறைவதைப் பார்த்திருக்கிறேன், காரணம் தெரிந்ததில்லை. மென்பொருள் முறையாக விடைபெற்றுக்கொள்ளாமல் செத்துப் போனால், அதன் படத்தை யாரும் கழற்றச் சொல்வதில்லை. மவுஸ் அந்தப் பக்கம் போகும்போதுதான், ஆள் இல்லையே என்று எக்ஸ்ப்ளோரர் கவனித்து எடுக்கிறது. காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை போல. சரி, தொலைந்தது என்று மூச்சுவிடுவதற்குள் பட்டியலில் ஒரு வரி பச்சையாக ஒளிர்ந்தது. சுளை திரும்ப வந்துவிட்டது. சேவை என்றால் விழுந்தாலும் எழுப்பிவிட விண்டோஸிடம் சொல்லி வைத்திருக்கலாமாம்.

கோப்புறையின் பிறந்த தேதியைப் பார்த்தேன். முந்தைய வியாழக்கிழமை, பிற்பகல் 3.40. அன்றைக்கு நான் கடையில் இல்லை. அக்காள் பேரனுக்குப் பாண்டி கோயிலில் காதுகுத்து. கடா விருந்து முடித்து மடியில் தாம்பூலப் பையோடு நான் உட்கார்ந்திருந்த நேரம் அது. உதவிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஜெராக்ஸ் மெஷின்காரர் போனில் பேசினார் அக்கா. ஸ்கேன் செய்தால் நேராகக் கணினிக்குப் போகவில்லை என்று நீங்கள்தானே புகார் கொடுத்திருந்தீர்கள்? ஒன்றை டவுன்லோடு செய்யச் சொன்னார், ஒரு நம்பரைக் கேட்டார், சொன்னேன். பிறகு மவுஸ் தானாக நகர்ந்தது. சரியாக்கிக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்.” அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகார் கொடுத்தது நான். ஸ்கேனும் அன்றிலிருந்து ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

மெஷின்காரருக்குப் போன் போட்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பையன் கொஞ்சமும் மறைக்கவில்லை. “ஆமாம் அக்கா, எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தான் போட்டு வைப்போம். அடுத்த முறை நீங்கள் ஓ.கே. கொடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, நாங்களே உள்ளே வந்து சரிசெய்துவிடுவோம்” என்றான். எனக்கு நல்லது செய்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். என் கணினிக்கு என்ன கடவுச்சொல் வைத்தாய் என்று கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்காமல், எதையும் எடுத்துப் பார்க்காமல், ஒப்பித்தான். நூறு கடைக்கு வேலை பார்க்கும் பையனுக்கு என் கடையின் கடவுச்சொல் மனப்பாடமாக இருக்கிறது என்றால், மற்றக் கடைகளின் கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீக்குவது கடைசியில் ரொம்பச் சாதாரண வேலையாகப் போயிற்று. பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் தயாரிப்பாளர் பெயரைச் சொல்லியிருந்ததால், அமைப்புகளில் உள்ள மென்பொருள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணினியை அணைத்துப் போட்டு, அம்புக்குறியைத் தட்டி, மணி மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் இணைய வயரைச் சொருகினேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதமாக வாரம் ஒரு முறையாவது இதைத் திறக்கிறேன். மற்ற இரண்டு கணினிகளிலும் தேடியதில் பெரிய திருடன் யாரும் சிக்கவில்லை. எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் மென்பொருள் ஒன்று மை தீர்ந்துவிட்டதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்காக (கையொப்பத்தை வைத்திருக்கும், பென் டிரைவ் போன்ற கருவி) இரண்டு விதமான மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு ஓடின. அவற்றில் ஒன்றை எடுத்ததும், அடிக்கடி டோக்கன் தெரியவில்லை என்று வந்துகொண்டிருந்த தொல்லை போயிற்று. இதற்கு முன்னால் அதற்காக இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முழுக்க ஆங்கிலம். எழுத்து மிகச் சிறியது. ஆப்ஷன்ஸ் மெனுவில் எழுத்துருவைப் பெரிதாக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்கும் வரை மூக்குக் கண்ணாடியைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நிர்வாகி அனுமதியோடு ஓட்டாவிட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். அதையும் அது தானாகச் சொல்வதில்லை. முடித்து வைக்கும் கட்டளை கைக்கு மிக அருகில் இருக்கிறது. விண்டோஸின் உயிர்நாடியான வரிகளும் மற்றவற்றோடு ஒன்றாகவே நிற்கின்றன, தவறிப் போய் அதில் கை வைத்தால் கணினி படுத்துவிடும். ஐகான் என்ன என்று பெயர் தெரிந்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. மவுஸை மேலே வைத்துப் பாருங்கள், வலது கிளிக் செய்து பாருங்கள், அமைப்புகளில் நான் சொன்ன அந்தப் பட்டியலைப் பாருங்கள். பத்தில் எட்டு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கடை அனுபவம். அந்த மூன்றிலும் பிடி கொடுக்காத இரண்டுக்குத்தான் இது. அந்த இரண்டுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதை ஓட விட்டால் இதுவே மூலையில் ஒரு ஐகான் போட்டுக்கொள்கிறது. கட்டத்துக்குள் பச்சையாக ஏறி இறங்கும் சின்ன வரைபடம். போன வாரம் விசைப்பலகை மாற்ற வந்த நம் ஃபார்மட் தம்பியின் கண்ணில் அது பட்டுவிட்டது. முகம் மாறியது.

“அக்கா, இது என்ன புதிதாக இருக்கிறது?”

“மவுஸை மேலே வைத்துப் பார் தம்பி” என்றேன். வைத்தார். கணினி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, அதில் அதிகம் சாப்பிடுவது எந்த மென்பொருள் என்று அது பெயரோடு சொன்னது. அவர் உட்கார்ந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். வளையல் கடையில் நானும் அன்றைக்கு அப்படித்தான் நின்றேன். பத்து நிமிடம் கழித்து, இதைத் தன் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தேன். அதற்கு முன்னால் நோட்டைக் காட்டினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் கணினியில் யார், என்று, எதைப் போட்டார்கள், எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விசைப்பலகைதானே மாற்றினேன் என்றார். அதையும் எழுதச் சொன்னேன்.